ரயிலை நாற்பது தப்படி தள்ளியவன்

கல்லை நகர்த்தினால் ரயில் நகர்ந்துவிடும் என்று நான் நம்பினேன். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். போகப் போகச் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டால், வழக்கம்போல ஒரு சிரிப்பைப் போட்டு மூடிவிட்டுப் போய்விடுவேன்.

அப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது. திருவண்ணாமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். இரண்டு புள்ளிகள் வழியாக ஒரே ஒரு நேர்கோடுதான் போகும் என்று இருபது வருடமாகச் சாக்பீஸ் தேயத் தேயச் சொல்லிக்கொடுத்தவன். அந்தக் கோட்டைக் கடப்பாரையால் நெம்பி ஓரமாகப் படுக்கவைக்கலாம் என்று அதே மண்டைதான் யோசித்தது. என்னிடம் படித்தவர்கள் இதைப் படித்தால் தங்கள் மதிப்பெண்களை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளட்டும்.

என் பக்கத்தில் ஒரு சின்ன நியாயம் உண்டு. எங்கள் பக்கத்து விவசாயக் குடும்பங்களில் நிலம் என்றால் கல். பத்திரம் பீரோவுக்குள் இருக்கும்; எடுத்துப் படித்துச் சொல்ல ஆள் தேட வேண்டும். கல் வரப்பில் நிற்கும். தகராறு வந்தால் எல்லாரும் போய்க் கல்லைத்தான் பார்ப்பார்கள். எல்லைக் கல்லைத் தொட்டவன் வம்சம் விளங்காது என்று ஒரு பேச்சு உண்டு. கல் நகர்ந்தால் நிலமும் நகர்ந்துவிடும் என்பதால்தானே அவ்வளவு பெரிய சாபம்? நான் சாபத்தை விட்டுவிட்டு அதற்குள் இருந்த கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

திருவண்ணாமலையில் ஸ்டேஷன் உண்டு. எங்கள் கீழ்பென்னாத்தூர் பக்கம்தான் தண்டவாளம் கிடையாது. கோயிலுக்கு வருகிற கூட்டத்துக்கும் தினமும் வேலைக்குப் போகிற எங்களுக்கும் சேர்த்து, சென்னைப் புறநகர் வண்டி மாதிரி ஊருக்கு ஊர் நின்று போகிற பாசஞ்சர் பாதை ஒன்று வரப்போகிறது என்று எனக்கு மீசை முளைத்த நாளிலிருந்து பேச்சு. அளந்தார்கள். அளந்த காகிதம் பழசாகிவிட்டது என்று திரும்ப அளந்தார்கள். டீக்கடையில் யாராவது ரயில் பேச்சை எடுத்தால் என்னைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள், நான் என்ன சொல்வேன் என்று.

"நம்ம ரயிலு எப்பவோ கெளம்பிடுச்சுப்பா. கிரிவலம் போயிருக்குது. சுத்தி முடிச்சிட்டுத்தான் வரும்."

பத்து வருடம் இதே ஜோக். பத்து வருடமும் சிரித்தார்கள். நான் கெட்டுப்போனது அங்கேதான் என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு தை மாதம் ஜீப்பில் ஆட்கள் வந்து, மஞ்சள் பெயிண்ட் அடித்த முழங்கால் உயரக் கற்களை அங்கங்கே நட்டுவிட்டுப் போனார்கள். நான் பள்ளியில் இருந்தேன். மதியம் மனைவி போன் செய்தாள். சமையல்கட்டுக்குப் பின்னால் யாரோ கல் நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், ரயிலுக்காம் என்றாள். பால் பாக்கெட் வந்துவிட்டது என்று சொல்கிற அதே குரல்.

குடும்ப நிலத்தில் என் பங்காக வந்த மூலையில் கட்டிய வீடு அது. கிரகப்பிரவேசம் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வாசல் கதவுக்கு இரண்டாவது கோட் வார்னிஷ் அடிக்க வேண்டியிருந்தது. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பின்பக்கம் போனேன். சுவரிலிருந்து கல்வரை நடந்து அளந்தேன். நாலு தப்படி. மனசு ஒப்பவில்லை. தப்படியைச் சின்னதாக்கி மறுபடி அளந்தேன். ஆறு வந்தது. கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. பிறகு யோசித்தேன்: ஆறு தப்படியில் ரயில் போனால், ஜன்னல் வழியாக டிரைவருக்குச் சட்னி ஊற்றலாம்.

மூன்று நாள் நான் மனுஷனாக இல்லை. வகுப்பில் கரும்பலகையில் இணைகோடு இரண்டு போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பஸ் ஹாரன் அடித்தால் உடம்பு தூக்கிப்போட்டது. வீட்டுக்குள் நடக்கும்போது எந்த அறை முதலில் இடியும் என்று வரிசை போட்டேன். மனைவி இரண்டாம் நாளே பொறுமை இழந்தாள்.

"இந்த ஊருக்கு ரயிலு வர்றதுக்குள்ள நமக்குப் பல்லு கொட்டிடும். தோசை ஆறுது, சாப்பிடுங்க."

பத்து வருடமாக நான் சொன்ன ஜோக்கை அவள் நம்பினாள். நான் நம்பவில்லை.

போய் விசாரித்திருக்கலாம். கல் நட்டவர்கள் பக்கத்து ஊரில்தான் தங்கியிருந்தார்கள். ஆனால் விசாரிக்கப் போனால் நான் பயந்துவிட்டேன் என்று தெரிந்துவிடும். மற்றவர்கள் பயத்தை வைத்து ஊரைச் சிரிக்கவைத்தவன் நான். ஒருவன் கடன்காரனைப் பார்த்து வைக்கோல் போருக்குப் பின்னால் பதுங்கினதை ஆறு மாதம் நடித்துக் காட்டியிருக்கிறேன். என் முறை வந்தால் விடுவார்களா? அதனால் வாயை மூடிக்கொண்டு யோசித்தேன். நான் வாயை மூடிக்கொண்டு யோசித்ததில் இதுவரை ஒரு நல்லதும் நடந்ததில்லை.

என் வீட்டுக்கு மேற்கே அண்ணனுடைய நிலம். கூடப்பிறந்தவர் இல்லை, பெரியப்பா மகன். என்னைவிடப் பத்து வயது பெரியவர். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அண்ணியும் அவருமாக அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையோரம் வண்டி போட்டு இளநீர் விற்பார்கள். காயெல்லாம் வெளியில் வாங்குவது. அந்த வருடம் எங்கேயோ அலைந்து நாற்பது தென்னங்கன்று வாங்கி வந்திருந்தார். குட்டை ரகம், சீக்கிரம் காய்க்கும் என்றார். நிலத்தை உழுது, குழியும் வெட்டி, குழி ஆறட்டும் என்று விட்டிருந்தார். கன்றுகள் மோட்டார் கொட்டகை நிழலில் வரிசையாக நின்றன. ஒரு நாள் என்னைக் கூட்டிப் போய்க் காட்டினார்.

"இனிமே அடுத்தவன் மரத்த அண்ணாந்து பாக்கற வேலை இல்ல தம்பி."

தைப் பௌர்ணமி வந்தது. எங்கள் ஊர் பௌர்ணமியன்று காலையிலேயே காலியாகிவிடும். பூ, பொரி, தண்ணீர் பாட்டில், கற்பூரம் என்று விற்கிறவர்களும் சுற்றுகிறவர்களுமாக வண்டி ஏறிவிடுவார்கள். அண்ணனும் அண்ணியும் லோடு ஆட்டோவில் போனார்கள். என் மனைவி தங்கையோடு மலை சுற்றப் போனாள். நான் வயிற்றுப்போக்கு என்று பள்ளிக்கு லீவு சொன்னேன். முழுப் பொய் என்று சொல்ல முடியாது.

மதியம் பன்னிரண்டு மணி வெயிலில் கடப்பாரையை எடுத்தேன். கல்லைப் பிடுங்கவே முக்கால் மணி நேரம் ஆனது. கிழக்கே கொண்டுபோய் நடத்தான் முதலில் பார்த்தேன். அது பொறம்போக்கு, யாருக்கும் நஷ்டமில்லை. அங்கே பாறை. கடப்பாரை இறங்கவில்லை, கைதான் கொப்பளித்தது. தெற்கே ரோடு. வடக்கே குட்டை. மேற்கே அண்ணன் உழுது போட்ட மண், மாவு மாதிரி.

அண்ணன்மேல் எனக்கு ஏதாவது பகை இருந்தது என்று சொல்ல முடிந்தால்கூடக் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். இல்லை. மண் இளகியிருந்தது, அவ்வளவுதான்.

துணி துவைக்கிற பிளாஸ்டிக் டப்பில் கல்லைப் புரட்டிப் போட்டு, கயிறு கட்டி, பின்பக்கமாக நடந்தபடி இழுத்தேன். இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன். ஒரு இடத்தில் சாமியைக் கூப்பிட்டேன். வரப்பைத் தாண்டி நாற்பது தப்படி போனதும் மூச்சு நின்றுவிடும்போல இருந்தது. அங்கே குழி தயாராக இருந்தது. தென்னைக்கு வெட்டிய குழி. கல்லை அதில் இறக்கி, மண் தள்ளி, மிதித்தேன். எண் எழுதிய பக்கம் முன்பு எந்தத் திசை பார்த்ததோ அதே திசை பார்க்கும்படி திருப்பியும் வைத்தேன். கணக்கு வாத்தியார் அல்லவா.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். இதையும் சொல்லத்தான் வேண்டும்.

மறுநாள் அண்ணன் வந்தார். வந்தவர் உட்காரவில்லை.

"தம்பி, என் குழியில கல்லு நிக்குது. உன் வூட்டாண்ட இருந்ததுதானே அது?"

"ஆமாணா. நேத்து மதியம் ஆளுங்க வந்தாங்க. அளவு தப்பாப் போச்சுன்னு புடுங்கி மாத்தி நட்டுட்டுப் போனாங்க."

"நீ கூட இருந்தியா?"

"இருந்தேன்."

"நீ இருந்தா சரிதான். அளவு பத்தி எனக்கு இன்னா தெரியும்."

அந்தக் கடைசி வார்த்தையைச் சொன்னபோது அவர் முகத்தில் ஏமாற்றம்தான் இருந்தது, சந்தேகம் இல்லை. அதே பொய்யை மனைவியிடமும் சொன்னேன். அவள் டப்பின் அடியைத் திருப்பிப் பார்த்து, எப்படி இவ்வளவு கீறல் என்று மட்டும் கேட்டாள்.

கன்று வைக்கலாமா வேண்டாமா என்று அண்ணன் என்னிடம்தான் யோசனை கேட்டார். வையுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், ரயில் வருகிற இடத்தில் எதற்கு வைக்கச் சொல்கிறான் என்று கேள்வி வரும். கொஞ்சம் பொறுங்கள், எந்தப் பக்கம் எவ்வளவு எடுப்பார்கள் என்று தெரியட்டும் என்றேன். பொறுத்தார்.

எங்கள் பக்கம் ஒரு கல் தனியாக நின்றால் அதற்கு யாராவது குங்குமம் வைத்துவிடுவார்கள். இரண்டாவது வெள்ளிக்கிழமையே அண்ணி வைத்துவிட்டார். ஒருநாள் வரப்புவழியாகப் போகும்போது அவர் கல்லிடம் பேசுவதைக் கேட்டேன். என்னைப் பார்க்கவில்லை.

"வர்றதுதான் வர்றே. கெணத்த மட்டும் வுட்டுட்டுப் போ."

நான் வந்த வழியே திரும்பி, ரோடு சுற்றி வீட்டுக்குப் போனேன்.

ரயில்காரர்கள் வரவே இல்லை. ஒரு மழை போனது. ஏரிக்கு அந்தப் பக்கம் கொஞ்ச தூரம் மண் கொட்டிக் கரை மாதிரி உயர்த்தினார்கள். அப்புறம் லாரிகளைக் காணோம். ஓடை நடுவில் நாலு தூண் எழுப்பினார்கள்; மேலே பாலம் வரவில்லை, கொக்கு உட்கார்ந்தது. டீக்கடையில் ஜோக் கேட்டார்கள். கிரிவலம் என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினேன். இருமல் மாதிரி சமாளித்தேன். இன்னொரு மழையும் போனது.

மோட்டார் கொட்டகை நிழலில் கன்றுகளின் வேர் பையைக் கிழித்துக்கொண்டு தரைக்குள் இறங்கிவிட்டது. சிலது பழுத்துக் காய்ந்தது. மிச்சத்தை அண்ணன் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்க ஆரம்பித்தார். எனக்கு இரண்டு கொண்டுவந்தார், மொபெட்டில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. வேண்டாம் என்றேன்.

"உன் வூடு தப்பிச்சுதில்ல. நீயாவது வை தம்பி."

கடப்பாரையை எடுத்துக்கொண்டு குழி வெட்டப் போனேன். பார்த்துக்கொண்டே நின்றவர் சிரித்துவிட்டார். "உனக்குக் கடப்பாரை புடிக்க வராது, குடு இப்டி" என்று வாங்கி, இரண்டு குழியையும் அவரே வெட்டினார். என் மனைவி அவருக்கு மோர் கொடுத்தாள்.

சொல்லிவிடலாம் என்று அன்றைக்கு நினைத்தேன். அடுத்த வாரமும் நினைத்தேன். ஒரு பொய்யை இரண்டு நாளுக்குள் எடுத்துவிட வேண்டும்; விட்டால் அதுவும் அந்தக் கன்றுகள் மாதிரி பையைக் கிழித்து இறங்கிவிடுகிறது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஜீப் வந்தது. இறங்கியவர் ரயிலுக்கு அளக்கிற இளம்பெண் ஒருவர், தலையில் மஞ்சள் தொப்பி, கூட இரண்டு ஆட்கள். முக்காலிமேல் கருவியை நிறுத்திக் கண்ணை வைத்துப் பார்த்தார். ஊரே கூடிவிட்டது. நானும் போனேன், போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று. அந்தப் பெண் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார், குங்குமம் வைத்த கல்லைப் பார்த்தார், மறுபடி காகிதத்தைப் பார்த்தார்.

"இந்தக் கல்லு இங்க இருக்கக் கூடாதே. அதோ, அந்த வீட்டுப் பின்பக்கம்தான் இருக்கணும்."

அவர் காட்டியது என் சமையல்கட்டை.

ரயில் இப்படித்தானே வருகிறது என்று யாரோ கேட்டார்கள். அவர் இல்லை என்று தலையாட்டினார். இது ரயில் போகிற இடமே இல்லை. மேடு பள்ளம் அளப்பதற்கு வைத்த அடையாளக் கல். பாதை ஏரிக்கு அந்தப் பக்கம், முதலிலிருந்தே அங்கேதான் என்றார். இதைக் கேட்பதற்கு இரண்டு வருடம் முன்னால் நான் பக்கத்து ஊருக்குப் போயிருந்தால் போதும். சைக்கிளில் பதினைந்து நிமிடம்.

யார் மாற்றியது என்று கேட்டார். அண்ணன் முன்னால் வந்தார். "உங்க ஆளுங்கதாம்மா வந்து மாத்துனாங்க" என்றார். நாங்கள் யாரும் மாற்றவில்லையே என்றார் அந்தப் பெண். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. ஒருவர் சத்தமாகவே சொன்னார்:

"புரியலியா? ரயிலுக்கு நெலம் எடுத்தா ஜாஸ்தி குடுப்பாங்கன்னு இவரே இஸ்துகினு வந்து நட்டுக்கிட்டிருக்காரு."

எங்கள் ஊரில் ஆசையைச் சீக்கிரம் நம்புவார்கள். ஒரு படித்த ஆள் ரயிலுக்குப் பயந்து கல்லை இழுத்திருப்பான் என்று யாருக்குத் தோன்றும்? எல்லைக் கல்லைத் தொட்டவன் என்கிற பார்வை அவர்மேல் விழுந்தது. அண்ணி தலையைக் குனிந்துகொண்டார். அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. நான் கூட இருந்தவன் ஆயிற்றே. சொல்வேன் என்று காத்திருந்தார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். டீக்கடையில் பார்க்கிற அதே பார்வை. என் வாய் அதற்குப் பழகிய வாய்.

"அண்ணனுக்கு மோட்டார் கொட்டாயிலயே ஸ்டேஷன் வேணும்னு ஆசைப்பா. கொடியும் விசிலும்கூட வாங்கி வெச்சுட்டாரு."

சிரிப்பு வெடித்தது. அந்தப் பெண்கூட வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணன் சிரிப்பு அடங்கும்வரை என் முகத்தையே பார்த்தார். பிறகு என் கைகளைப் பார்த்தார். அந்த நேரத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டது. அவருக்குத் தெரிந்தது எனக்கும் தெரிந்தது. அண்ணியைக் கூட்டிக்கொண்டு நடந்தார். கல்லைப் பிடுங்கி இரண்டு ஆட்கள் ஐந்து நிமிடத்தில் என் வீட்டுப் பின்னால் நட்டுவிட்டார்கள். அவர்களுக்கு டப்பு தேவைப்படவில்லை.

அன்று சாயங்காலத்திலிருந்து அவர் பெயர் ஸ்டேஷன் மாஸ்டர். நான் வைத்த பெயர்களிலேயே இதுதான் நன்றாக ஒட்டியது. அடி அண்ணாமலையில் வண்டிக்குப் பக்கத்தில் கடை போட்டவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், ஏன் என்று தெரியாமலே.

மறுநாள் பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து என்னை 'டேய் தம்பி' என்று கூப்பிட்டவர்.

"வணக்கம் சார். ஸ்கூலுக்குங்களா?"

இரவு மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் கேட்டுவிட்டு, "இத என்னாண்ட ஏன் சொல்றீங்க, அவராண்ட போய்ச் சொல்லுங்க" என்று பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

அடுத்த பௌர்ணமியன்று அவர் இளநீர் வண்டிக்குப் போனேன். கூட்டம் இருந்தது. காத்து நின்றேன். என் முறை வந்ததும் ஒரு காயைச் சீவி நீட்டினார். "ணா, அந்தக் கல்லு..." என்று ஆரம்பித்தேன்.

"ஸ்ட்ரா வேணுங்களா சார்?"

பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். நகர்ந்துவிட்டேன்.

ஊரிடமாவது சொல்லிவிடலாம் என்று ஒரு காலை டீக்கடையில் நின்று சொன்னேன். கல்லை நகர்த்தினது நான்தான், வீடு போய்விடும் என்று பயந்து, டப்பில் வைத்து இழுத்தேன் என்றேன். டப்பு என்றதும் சிரிக்க ஆரம்பித்தார்கள். வயிற்றுப்போக்கு என்றதும் ஒருவர் டீயைச் சிந்திவிட்டார். நான் சிரிக்கவில்லை, உண்மை என்றேன். அதற்கும் சிரித்தார்கள். கடைசியில் ஒருவர் என் தோளைத் தட்டி, "வாத்தியாரு அண்ணன வுட்டுக் குடுக்க மாட்டாருப்பா" என்று எனக்கும் சேர்த்து டீ சொன்னார். குடித்தேன்.

ரயில் பாதை ஏரிக்கு அந்தப் பக்கம் போகிறது. மண்கரையை இப்போது நீட்டியிருக்கிறார்கள். நாலு தூணில் இரண்டுக்கு மேலே பாலம் வந்திருக்கிறது. தண்டவாளம் இன்னும் போடவில்லை. என் வீட்டையும் அண்ணன் நிலத்தையும் யாரும் கேட்கவில்லை. அவர் குழிகளை மூடிவிட்டு வேர்க்கடலை போடுகிறார். பௌர்ணமிக்கு இளநீர் வெளியில்தான் வாங்குகிறார். அவர் குழி வெட்டி நட்ட இரண்டு தென்னையும் என் வீட்டுப் பின்னால் காய்த்துவிட்டன. வந்து வெட்டிக்கொள்ளுங்கள் என்று போன மாதம் அவரிடம் சொன்னேன். வேண்டாம் சார் என்றார்.